கருவாட்டு அறையில் நாலு மூட்டை ஏலத்தோல்

இருபத்திரண்டு வயதில் எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. இருபத்தைந்து முடிவதற்குள் யாரிடமும் சம்பளத்துக்குக் கை நீட்டாமல் சொந்தத் தொழிலில் சாப்பிட வேண்டும். எழுபதுகளின் பிற்பாதி அது. போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் எடை போடுகிற வேலை எனக்கு. முதலாளி நல்ல மனிதர், திட்ட மாட்டார். ஆனால் சனிக்கிழமை சம்பளத்தை நீட்டும்போது வாராவாரம் ஒரு பெருமூச்சு விடுவார். அவர் வீட்டுச் சொத்தை நான் எழுதி வாங்கிப் போகிற மாதிரி இருக்கும். அந்தப் பெருமூச்சு இல்லாமல் சோறு தின்ன வேண்டும் என்பதுதான் என் லட்சியம்.

மண்டியின் பின்கட்டில் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். பருத்த காய் ஒரு குவியல், சிறுத்தது ஒரு குவியல், வெடித்த காய் தனி. வெடித்ததை உரித்து உள்ளே இருக்கும் விதையை, ஏல அரிசி என்று, தனி விலைக்கு விற்பார்கள். தோலைக் கூட்டிக் கொல்லையில் கொட்டுவார்கள். போடிக்காரர்களுக்கு ஏலக்காய் வாசம் தெரியாது. வெளியூர்க்காரர் பஸ்சை விட்டு இறங்கி, “ஆகா, என்ன வாசம்!” என்பார். நாங்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, “எங்க?” என்போம். பிறந்ததிலிருந்து மோந்து மோந்து மூக்கு மரத்துப் போன ஊர். ஒருநாள் வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் கொல்லையில் கிடந்த தோலில் ஒரு கைப்பிடி அள்ளி, “டீயில போட்டா சும்மா கமகமன்னு இருக்கும்ணே, எடுத்துக்கிடவா?” என்று கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மிச்சத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

தொழில் அப்படித் தொடங்கியது. தோலைக் காயவைத்துப் பொட்டலம் கட்டி, சைக்கிளில் டீக்கடை டீக்கடையாகப் போட்டேன். இரண்டு வருடம் இப்படியே தேவாரம், ராசிங்காபுரம், தேனி வரைக்கும் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குரங்கணிக்கு நடந்துபோய், வீட்டிலேயே காய் உலர்த்தும் சின்னத் தோட்டக்காரர்களிடம் தோல் வாங்கி வருவேன். ஜீப்பில் போனால் காசு செலவு, நடந்தால் செருப்பு தேயும். ஆகவே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சிக்கனத்தில் நான் பெரிய ஆள். இரண்டே வேட்டி. சினிமா கிடையாது. டீயை நிறுத்தினேன். பத்து மணிக்குப் பொறுக்குகிற பெண்கள் டீக்கு எழும்போது, யாராவது வாங்கித் தரச் சொல்லிவிடுவார்களோ என்று தராசு அறைக்குள் போய்ப் படிக்கல்லைத் துடைத்துக்கொண்டிருப்பேன். போடியில் என் படிக்கல் மாதிரி பளபளத்த படிக்கல் கிடையாது. எனக்குக் ‘கஞ்சப்பிசினாறி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

மதுரையில் டீக்கடைகளுக்குத் தேயிலைத்தூள் சப்ளை செய்யும் வியாபாரி ஒருவர் தேனிக்கு வந்தபோது, என் தோல் போட்ட டீயைக் குடித்திருக்கிறார். கடைக்காரரிடம் விசாரித்து எனக்குக் கார்டு போட்டார். நாலு மூட்டை கொண்டுவா, சரக்கு பிடித்தால் மாதாமாதம் நாலு மூட்டை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். மாதம் நாலு மூட்டை என்றால் மண்டி வேலையை விட்டுவிடலாம். கார்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன்.

நாலு மூட்டை சேர்க்க இடம் வேண்டும். நான் தங்கியிருந்த அண்ணன் வீட்டுப் பரணில் அவ்வளவு கொள்ளாது. சந்தைப் பக்கம் ஒரு கருவாட்டு வியாபாரி, தன் அறையில் பாதியைப் பாதி வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். நடுவில் ஒரு கிடுகுத் தட்டி மட்டும். வாசம் ஒட்டுமோ என்று இழுத்தேன்.

“கருவாடு வித்த காசு நாறவா செய்யும், மாப்ளே? மூட்டையைக் கட்டித்தான வைக்கப் போற?” என்றார். பாதி வாடகை என்ற சொல் காதில் விழுந்த பிறகு எனக்கு வேறெதுவும் விழவில்லை.

இரண்டு மாதம், மண்டி வேலை நேரம் போக அங்கேயே பழியாகக் கிடந்து தோல் சேர்த்தேன். மதினி மட்டும் தினமும் வாசலில் மறித்து, “கொழுந்தனாரே, சட்டையைக் கொல்லையில கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க” என்பார். வேர்வையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூட்டைகள் நிறைந்ததும் முதலாளியிடம் போய் நின்றேன். சொந்தத் தொழில் தொடங்கிவிட்டதைச் சொன்னேன்.

“நல்லா இரு. திரும்பி வந்தா எடம் இருக்கும். கூலி மட்டும் பழைய கூலிதான்” என்றார். நான் திரும்பி வருவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை மதுரை ரயிலில் மூட்டைகளோடு ஏறினேன். வண்டி தேனி தாண்டுவதற்குள் பெட்டியில் சலசலப்பு. “யாருய்யா கருவாட்டை ஏத்துனது? குடலைப் புடுங்குது!” என்று ஒரு பெரியவர் துண்டால் மூக்கைப் பொத்தினார். எனக்கும் கோபம் வந்தது. படித்தவன் மாதிரி, “மனுசங்க உக்கார்ற பெட்டியில இப்படியா செய்வாங்க?” என்று சொல்லி, எழுந்து இருக்கைகளுக்கு அடியில் குனிந்து நானும் தேடினேன். கிடைக்கவில்லை. உசிலம்பட்டி வந்தபோது என்னைச் சுற்றி நாலு பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன்.

மதுரை வியாபாரி மூட்டையைப் பிரித்து, ஒரு கை அள்ளி மோந்தார். மறுபடி மோந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து என்னை மோந்தார்.

“தம்பி, இது ஏலத்தோலா, நெத்திலியா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நியாயமான மனிதர். அந்தத் தோலைப் போட்டே டீ கொதிக்கவைத்து ஒரு கிளாசை என்னிடம் நீட்டினார். நான் டீ குடிப்பதில்லை என்றேன்.

“ஏன், ஒடம்புக்குச் சேராதா?”

“இல்லைங்க. காசு மிச்சம்.”

அவர் சிரிக்கவில்லை. “ரெண்டு வருசமா டீக்கு வாசம் விக்கிற. ஒரு நாள்கூட அதைக் குடிச்சுப் பாக்கலையா?” என்றார்.

குடித்தேன். முதல் வாயில் ஏலக்காய், இரண்டாம் வாயில் கருவாட்டுக் குழம்பு. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். என் நார் போய்ச் சேர்ந்த இடம் அப்படி. ரயிலில் எல்லாரும் தேடிய கருவாடு நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் பத்து நாள் தவணை கொடுத்தார். அதற்குள் நல்ல சரக்கு வராவிட்டால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வேன் என்றார்.

ஊர் திரும்பி நேரே கருவாட்டு வியாபாரியிடம் சண்டைக்குப் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்தார். “எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? கொழம்பு பாயாசமா மணக்குதுன்னு ஒரு ஆத்தா கருவாட்டைக் கொண்டாந்து மூஞ்சியில எறிஞ்சுட்டுப் போயிருச்சு.”

“அப்பவே சொல்லிருக்கலாம்ல?”

“சொன்னா நீ காலி பண்ணிருவ. முழு வாடகையை எவன் குடுப்பான்?”

இரண்டு கஞ்சர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சண்டை போட வந்தது மறந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த நாலு மூட்டையும் கடைசியில் மாட்டுத்தொழுவங்களில் கொசுவுக்குப் புகை போடப் போயிற்று.

பத்து நாளில் நாலு மூட்டை தோலுக்கு ஒரே வழிதான் இருந்தது. மண்டிப் பின்கட்டுக்குப் போனேன். பொறுக்குகிறவர்களில் மூத்த அக்கா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

“எல்லா மண்டியிலயும் எங்க ஆளுகதான் பொறுக்குறாக. சொன்னா தோல் வரும்” என்றார். “ஆனா அப்பு, நாங்க உரிச்ச தோலை ரெண்டு வருசமா அள்ளிக்கிட்டுப் போன. டீ நேரம் வந்தா ஓடிப்போயிக் கல்லைத் தொடச்ச. எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச?”

சேர்த்துவைத்தது எல்லாம் என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். எதிரே, என் தோலை வாங்கிப் போடும் டீக்கடைக்குப் போய்ப் பதினாறு டீ சொன்னேன். கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்து, சொன்னது நான்தானா என்று பார்த்தார்.

டீ வந்ததும் அக்கா எண்ணிப் பார்த்தார். “பதினஞ்சு பேருக்குப் பதினாறு டீ எதுக்கு?”

“ஒண்ணு எனக்கு.”

பின்கட்டே வாய்விட்டுச் சிரித்தது. என் தோல் போட்ட நல்ல டீயை அன்றுதான் முதன்முதலாகக் குடித்தேன். அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

எட்டாம் நாளே நாலு மூட்டையும் சேர்ந்துவிட்டது. எட்டு நாளும் அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் கிடந்தது. மதினி தினமும் ஒரு மூட்டையை மோந்து பார்த்து ‘பாஸ்’ போட்டார். மதுரையில் வியாபாரி டீ போட்டதும், அவர் கையை நீட்டுவதற்குள் கிளாசை நான் எடுத்து முதலில் குடித்தேன். பிறகு அவர் குடித்தார். மூட்டைகளை உள்ளே தூக்கிப்போகச் சொன்னார்.

அந்த வாரச் சனிக்கிழமை, சம்பள நேரமாகப் பார்த்து மண்டிக்குள் நுழைந்தேன். முதலாளி என்னைக் கண்டதும், எனக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சைத் தயாராக இழுத்துப் பிடித்தார்.

“வேலைக்கு வரலைங்க மொதலாளி. டீ வாங்கிக் குடுக்க வந்தேன்” என்றேன்.

அவருக்கும் சேர்த்துப் பதினேழு டீ. டீக்காரரிடம் காசை நீட்டும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பி மேலே வந்ததென்னவோ உண்மை. முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெருமூச்சை அப்படியே டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.