எது நல்ல தண்ணி

நான் பிறந்தது காட்டூரில், நெல் விளைகிற வீட்டில். வாழ்க்கைப்பட்டது லைட்ஹவுஸ் குப்பத்தில், வலை காய்கிற வீட்டில். இரண்டு வீட்டிலும் நல்ல தண்ணி என்பார்கள். காட்டூரில் அது குடிக்கிற தண்ணீர். இங்கே என் வீட்டுக்காரர் "ஏரியில நல்ல தண்ணி ஏறிக்கீது" என்றால், கடலை ஒட்டிய ஏரிக்குள் உப்புத் தண்ணீர் வந்திருக்கிறது, எறா கிடைக்கும் என்று பொருள். இறாலைத்தான் எறா என்போம். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டுவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

நிலத்தடி நீரைக் காப்பாற்றுகிற பெண்கள் குழுவில் நான் சேர்ந்தது அப்பாவால். நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கோடையில் அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டேன், பால் திரிந்துபோனது. பால்காரரைத் திட்டிவிட்டு வேறு பால் வாங்கினேன், அதுவும் திரிந்தது.

"பாலு இன்னாம்மா பண்ணும், தண்ணிதான் உப்பாயிடுச்சி" என்றார் நைனா. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த வாரமே குழுவில் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் வாயை மூடவில்லை. ஆழமாக போர் போடாதீர்கள், உறிஞ்ச உறிஞ்ச உப்புதான் உள்ளே வரும் என்று வீடுவீடாகச் சொன்னேன். ஏரித் தண்ணீர் ஓடை வழியாகக் காட்டூர்ப் பக்கம் ஏறாமலிருக்கத் தடுப்பணை கேட்டு மனுக் கொடுத்தபோதும் முன்னால் நின்றேன்.

மனுவுக்குப் பலன் கிடைத்தது. கருத்துக் கேட்க அதிகாரி வருகிறார் என்று தெரிந்த அன்று, வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஓடையை அடைச்சிட்டா எறாக் குஞ்சு எங்க மே போயி வளரும்?"

"உப்பு ஏறக் கூடாதுல்ல?"

"உப்பு ஏறலன்னா எறாவும் ஏறாது. நான் இன்னா, உங்க நைனா வயல்லயா வலை வுடறது?"

கரண்டியைத் தூக்கிப் போட்டேன். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. அவர் சொன்னதில் பொய்யில்லை. நைனா சொன்னதிலும் இல்லை. இத்தனை நாளும் நான் தண்ணீரைக் காப்பாற்றினேனா, ஒரு தண்ணீரிடமிருந்து இன்னொரு தண்ணீரைக் காப்பாற்றினேனா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. குழுவில் ஒருத்தியிடம் சொன்னேன்.

"தண்ணிய காப்பாத்தறதுல இன்னாக்கா கொழப்பம்?" என்றாள். அவளுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே தெருவில். அவளுக்கென்ன, சொல்வாள்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பந்தலின் ஒரு பக்கம் காட்டூர்க்காரர்கள், மறுபக்கம் குப்பத்துக்காரர்கள். நான் நடுவில் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றுகொண்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் பிடித்துத் தர வந்தவள் மாதிரி. விடுவார்களா? குழு சார்பில் யாராவது பேசுங்கள் என்றதும் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். நைனா, பேசு என்று தலையசைத்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்த ஊரும்மா?" என்றார் அதிகாரி. எல்லோரிடமும் கேட்ட கேள்விதான்.

"காட்டூரு" என்றார் நைனா.

"லைட்ஹவுஸ் குப்பம்" என்றார் வீட்டுக்காரர்.

இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன. பந்தலே சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே, "ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா, எழுதிக்கணும்" என்றார்.

எதைச் சொன்னாலும் இந்த இருவரில் ஒருவர் வாயில் மண்ணைப் போட்டவளாவேன்.

"தெரியல சார்" என்றேன்.

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. அவர்கள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை.