ரானுக்கு ஒரு முகம்

வடகடலோர மீன்பிடி ஊரான போலுங்கார்விக்கில் பனி வாரும் வண்டி ஓட்டுகிற ஒரே பெண் ஸால்வோர்தான். ஐம்பதைத் தாண்டியவள், கனத்த தோள்காரி, அதிகம் பேசமாட்டாள். அவள் புருஷன் எய்விந்தூர் நவம்பரில் ஒருநாள் தன் சின்னப் படகில் மீன் பிடிக்கத் தனியாகப் போனான். காற்று திரும்பிவிட்டது. தேடிப் போனவர்களுக்குக் கவிழ்ந்த படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை.

அடுத்த வாரமே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். "இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இரேன்" என்றார்கள். "பனி கொட்டுதே" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

அழுகை வரும் என்று அவளும் காத்துத்தான் இருந்தாள். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. தொட்டால் தெரிகிறது, வலி மட்டும் இல்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், சாலையிலிருந்து பனியைத் தள்ளினாள்.

எய்விந்தூர் சர்ச்சுக்கு முந்திய காலத்துப் பழைய தெய்வங்களைக் கும்பிட்டவன். சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் பலகை அடித்து மூன்று மரச் சிலைகளை வைத்திருந்தான். சுத்தியல் பிடித்த தோர், விளைச்சலுக்கு ஃப்ரெயர், அமைதியான கடலுக்கு நியோர்துர். கடலுக்குப் போகும் முன் அவற்றின் முன்னால் ஒரு வாய் பீர் ஊற்றி வைப்பான். ஸால்வோருக்கு அதில் பற்றும் இல்லை, பகையும் இல்லை. "உன் சாமி குடிக்குதோ இல்லையோ, பலகை நல்லாக் குடிக்குது" என்பாள். அதற்கு அவன் சிரிப்பான்.

பிப்ரவரியில் அவன் தங்கை அர்ன்தீஸ் ஃபோன் செய்தாள். அவளுக்கும் ஸால்வோருக்கும் ஒரே வயது, பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகம்.

"சனிக்கிழம மத்தியானம் உன் வீட்டுல அண்ணனுக்காகப் படையல் போடலாம்னு இருக்கோம். அவனோட கும்பிடுறவங்க நாலு பேரு வருவாங்க. அந்தப் பலகையக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி வை."

ஸால்வோர் சிலைகளைத் துடைத்து வைத்தாள். துடைக்கும்போதுதான் யார் அங்கே இல்லை என்பது தெரிந்தது. கடலில் விழுந்தவர்களை வலைபோட்டு எடுத்துக்கொள்கிறவள் ரான். எய்விந்தூர் அவள் பேரைக்கூட வீட்டில் சொன்னதில்லை. திரும்ப ஃபோனை எடுத்தாள்.

"ரானுக்கு ஒரு படம் வைக்கணும்."

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அண்ணனப் புடிச்சுக்கிட்டுப் போனவ அவ."

"ஆமா. இப்ப அவகிட்டதான இருக்கான்."

"நீதான் இதெல்லாம் நம்பவே மாட்டியே."

"இப்பவும் நம்புறேனான்னு தெரியல. அவன் நம்புனான்ல."

"உனக்குக் கோபமே வரலையாடி?"

"வந்தா சொல்றேன்."

அன்று சாயங்காலமே கணினியில் தேடினாள். நிறையக் கிடைத்தது. ஒரு படத்தில் ரான் துணி பாதி, உடம்பு பாதியாக நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் பல்லும் நகமுமாகப் பேய். ஒன்றே ஒன்று நன்றாக இருந்தது. அச்செடுக்கப் போனவள் அது வந்த பக்கத்தைப் படித்துப் பார்த்தாள். எங்கள் ரத்தம், எங்கள் தெய்வம், மற்றவர்கள் வெளியேறுங்கள் என்று எழுதியிருந்தது. மூடிவிட்டாள். எய்விந்தூர் அந்தக் கூட்டத்தைக் கண்டாலே காறித் துப்புவான்.

மறுநாள் பக்கத்து நகரமான ஈஸாஃப்யோர்துருக்கு வண்டியை விட்டாள். சுற்றுலாக்காரர்களுக்கான கடையில் கொம்பு வைத்த தொப்பியோடு பிளாஸ்டிக் தோர்கள் வரிசையாக நின்றார்கள்.

"ரான் இருக்கா?"

"கடல்கன்னி இருக்கு. அதையே ரான்னு வச்சுக்கங்களேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் கடைக்காரன்.

"எனக்குத் தெரியுமே" என்று வெளியே வந்தாள்.

நாலு கடை தள்ளி யோவிட்டாவின் பச்சை குத்தும் கடை. போலந்திலிருந்து மீன் ஆலை வேலைக்கு வந்து, அப்படியே தங்கிவிட்ட பெண். ஜன்னலில் அவள் வரைந்த படங்கள் ஒட்டியிருந்தன. மனித முகங்கள். ஸால்வோர் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள், புருஷன் போனதையும் சேர்த்து, பனி எவ்வளவு பெய்தது என்று சொல்கிற குரலில்.

"இங்க வர்றவங்க மண்டையோடுதான் கேப்பாங்க" என்றாள் யோவிட்டா. "எங்க அம்மா வீட்டுல மாதா படம் ஒண்ணு இருக்கு. அவ்வளவு அழகெல்லாம் இல்ல. ஆனா கண்ணப் பாத்துப் பேசலாம். அந்த மாதிரியா வேணும்?"

"அந்த மாதிரிதான்."

முதலில் வரைந்தது இளம்பெண். "இவ கல்யாணத்துக்கு நிக்கிறா" என்றாள் ஸால்வோர். அடுத்தது வலை வீசுகிறவள்.

"வீச வேண்டாம். வீசியாச்சே."

யோவிட்டா தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு வேறு தாளை எடுத்தாள். இந்த முறை வயதான பெண் ஒருத்தி வந்தாள். முழங்கைவரை சுருட்டிய சட்டை, மடியில் சேர்த்து வைத்த வலை, தடித்த விரல்கள். சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தவள் மாதிரி நேராகப் பார்த்தாள்.

"இவதான்" என்றாள் ஸால்வோர்.

சனிக்கிழமை வந்தவர்கள் புகை போட்ட ஆட்டிறைச்சியும் பீரும் கொண்டுவந்தார்கள். அர்ன்தீஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே பலகைக்கு முன்னால் போய் நின்றாள். நியோர்துருக்குப் பக்கத்தில் ரான் இருந்தாள். முன்னால் எய்விந்தூரின் கல்யாண மோதிரம். இயந்திரத்தில் விரல் மாட்டும் என்று படகேறும்போதெல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் போவான்.

"மோதிரம் எதுக்கு?"

"அவகிட்டப் போறவங்க தங்கத்தோட போகணும்னு சொல்வீங்கல்ல. அவன் வெறுங்கையோட போயிட்டான்."

அர்ன்தீஸ் வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத் திட்டணும்னு நெனச்சுக்கிட்டுதான் வந்தேன்" என்றாள். "இவ மூஞ்சியப் பாத்தா முடியல." சொல்லி முடிக்குமுன் உடைந்து அழ ஆரம்பித்தாள். ஸால்வோர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கோப்பையைத் தூக்கி, தெய்வங்களின் பேரையும் எய்விந்தூரின் பேரையும் சொல்லிக் குடித்தார்கள். ஸால்வோரின் முறை வந்தபோது அவளும் சொன்னாள். நெஞ்சுக்குள் எதுவும் அசையவில்லை.

எல்லோரும் கிளம்பிய பிறகு தட்டுகளைக் கழுவினாள். ஈரக் கையோடு பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"காலைல காபி உள்ள போற வரைக்கும் அவன் பேசமாட்டான்" என்றாள் படத்திடம். "கோபமா இருக்கான்னு நெனச்சுக்காத."

சொல்லும்போது குரல் லேசாக இடறியது. அவளுக்கே அது வேறு யாருடைய குரலோ போல இருந்தது. இன்னும் ஏதாவது வருமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த இறைச்சியை மூடி வைத்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். வெளியே மறுபடியும் பனி பிடித்திருந்தது.