கவரைப்பேட்டைக்குள் முடிந்த நாவல்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியில், அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் இரண்டே பேர். நானும் என் தோழியும். இருவருக்கும் பேக்கிங் வேலை, ஒரே ஷிப்ட். பாடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நாவல்கள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் செங்கல் கனம். இரண்டின் நாயகிகளையும் முடிவுகளையும் ஒப்பிடச் சொல்லும் கேள்வி கட்டாயம் வரும் என்றார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு இரண்டையும் யார் படிப்பது? ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு, படித்ததை ரயிலில் சொல்லிக்கொண்டோம்.

அதிலும் ஒரு வம்பு. நான் அத்திப்பட்டு வரை போகிறவள். அவளோ அடுத்த ஸ்டேஷன் கவரைப்பேட்டையிலேயே இறங்கிவிடுவாள். அதனால் கதை டிவி சீரியல் மாதிரி இழுத்தது. லேடீஸ் பெட்டியில் கொய்யா விற்கும் அக்காவும் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

என் நாவலின் பெண் ஊரை எதிர்த்து, கடைசியில் காய்ச்சலில் தனியாகச் சாகிறாள். "ஊரப் பகச்சிக்கினா அவ்ளோதான்" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார்.

தோழியின் நாவலில், அப்பா பார்த்த மாப்பிள்ளை வேண்டாம், வெளியூர் போய் டீச்சராகிறேன் என்கிறாள் ஒருத்தி. தோழி வீட்டிலும் அப்போது அதே கதைதான். மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். படித்து முடித்து டீச்சராக வேண்டும் என்று அவள் அழுததும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

முடிவை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "விடியறதுக்குள்ள பொட்டிய எடுத்துக்கினு வாசல் கேட்டாண்ட வந்துட்டா. உள்ள அப்பா இருமுற சத்தம். திரும்பியே பாக்கல. போய்க்கினே இருந்தா."

"அப்டிப் போடு!" என்று அக்கா அவளுக்கு ஒரு கொய்யாவைச் சும்மாவே கொடுத்தார்.

நான் பேனாவை எடுத்தேன். "எந்தப் பக்கம்டி? குறிச்சிக்கிறேன்."

"கடைசிப் பக்கம்தான்" என்று இறங்கிப் போனாள்.

பரீட்சைக்கு அவள் வரவில்லை. கல்யாணம் முடிந்து ஆரம்பாக்கம் போய்விட்டாள். எதிர்பார்த்த கேள்வி வந்தது. ஒரு நாவல் பெண்ணைத் தண்டிக்கிறது, மற்றது விடுதலை செய்கிறது என்று வெளுத்து வாங்கினேன். நான் பெரிய புத்திசாலி என்று எனக்கே ஒரு நினைப்பு.

வேலையை விடும்போது அவள் தன் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு லீவு நாளில் சும்மா புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் எங்கேயும் போகவில்லை. அப்பாவின் இருமல் கேட்டதும் உள்ளே திரும்பி, பெட்டியை வைத்துவிட்டு அடுப்பு மூட்டுகிறாள். அடிப்பாவி, என் மார்க்கில் மண்ணைப் போட்டுவிட்டாளே என்று கோபம்தான் முதலில் வந்தது. எப்படியோ பாஸாகிவிட்டேன்.

போன பொங்கலுக்கு அதே ரயிலில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். "ஏன்டி, முடிவ மாத்தி சொல்லி என்னிய இன்னா பாடு படுத்திட்ட?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "தெரிஞ்சுதான் சொன்னேன். 'நீயும் அப்டி போறியாடி'ன்னு ஒரு வார்த்த நீ கேப்பன்னு பாத்தேன்."

கவரைப்பேட்டை வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அன்று நான் கேட்டது எந்தப் பக்கம் என்று மட்டும்தான்.