வெண்டல் ஸ்ட்ரூப்பின் ஐந்து கையெழுத்துகள்

அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து எங்கள் ஊரில் வெண்டல் ஸ்ட்ரூப்பை விடப் பெரிய தேசபக்தர் கிடையாது. இதை அவரே சொல்லுவார். இன்ஷூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். ஜனாதிபதிகள் கையெழுத்திட்ட கடிதங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார். ராணுவத்துக்கு மட்டும் போனதில்லை. தட்டைப் பாதம், ராணுவத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் அந்தத் தட்டைப் பாதம்தான் எல்லோருக்கும் முன்னால் போகும்.

அந்தக் கடிதங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருபவன் நான். கடிதத்தின் மேல் அட்டை வைத்து மறைத்து, கையெழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் சின்ன ஜன்னல் வெட்டச் சொல்லுவார்.

"மேல என்ன எழுதியிருக்குன்னு யாருக்குப்பா வேணும்? கையெழுத்துதான் சரக்கு."

அந்த வருஷம் ஜூலை நாலுக்கு நீதிமன்றக் கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். பொறுப்பு வெண்டலிடம். வியட்நாம் சண்டை நடந்த காலத்து ஜனாதிபதியின் கடிதங்கள் ஐந்து அவரிடம் இருந்தன. எல்லாம் கட்சி நன்கொடைக்கு வந்த நன்றிக் கடிதங்கள். மேவிஸ் கோலர் ஒரே ஒரு கடிதம் கொண்டுவந்தாள். அவளுடைய ஒரே மகன் வியட்நாமில் செத்தபோது அதே ஜனாதிபதி எழுதியது. ஒரு நாளாவது ஊர் அவன் பெயரைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

வெண்டல் பூதக்கண்ணாடியை எடுத்தார். கையெழுத்துக்கு மேலே அது ஏறவே இல்லை.

"போலி, மேவிஸ். கையெழுத்து கோணிப்போயிருக்கு, என்கிட்ட இருக்கிற அஞ்சு மாதிரி இல்ல. யாரோ உன்ன ஏமாத்திட்டாங்க."

"என் பையன் செத்ததும் போலியா?"

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. வெண்டலோ நிரூபித்தே தீருவேன் என்று, தன் கடிதங்களைச் சட்டத்திலிருந்து கழற்றச் சொல்லி, ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் அழுத்தி வெயிலுக்குக் காட்டினார்.

"பாத்தீங்களா! அஞ்சும் ஒண்ணு! ஒரு முடி கூட விலகல!"

பேங்க் காசாளர் ஏர்ல், தட்டிலிருந்த உருளைக்கிழங்கு சாலட்டை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"யோவ் வெண்டல், மனுசன் போட்டா விலகும்யா. என் கையெழுத்தே ரெண்டு செக்குல ஒத்துப்போகாது. விலகலைன்னா அது மிஷின் போட்டது."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நானாகக்கூட இருக்கலாம். வெண்டலின் முகம் சுண்டிப்போனது. ஆனால் ஆள் லேசுப்பட்டவரா? பார்வை அப்படியே மேவிஸின் கடிதத்துக்குத் தாவியது.

"அப்போ இது அசல்! மேவிஸ், இத நடுவுல மாட்டிரலாம்." என் பக்கம் திரும்பினார். "சீக்கிரம் ஒரு ஜன்னல் வெட்டுப்பா."

"ஜன்னல் வேண்டாம்" என்றாள் மேவிஸ். "மேலேருந்து படி. சத்தமா."

படித்தார். முழுக்கக் கையால் எழுதிய கடிதம். டேல் கோலர் மழையில் இரண்டு பேரைத் தூக்கி வந்து, மூன்றாவது ஆளைத் தூக்கத் திரும்பிப் போனானாம். 'அவனை அனுப்பியவன் நான். உங்களுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை' என்று முடிந்திருந்தது. ஏர்ல் தொப்பியைக் கழற்றினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெண்டல் காகிதத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். "அடேயப்பா, மை எப்படி ஊறியிருக்கு பாரு! அசலேதான்!"

"வெண்டல்" என்றாள் மேவிஸ், "என் பையன் பேரு என்ன?"

அவர் குனிந்து, கடிதத்தில் தேட ஆரம்பித்தார்.