பிள்ளைபிடிக்கிற டீச்சர்

காலை எட்டே முக்கால் மணிக்கு உலகம்மை டீச்சர் குடையும் கையுமாகச் சாலைக் கடைத்தெருவில் நுழைந்தால் போதும், "பிள்ளைபிடிக்கிறவ வந்தாச்சு, பிள்ளைகளை ஒளிச்சு வையுங்கப்பா" என்று மளிகைக் கடைக்காரர்கள் சத்தம் போடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அதே கேலிதான். டீச்சரும் சளைத்தவள் அல்ல. "உங்க பேரனைப் பிடிக்கத்தான் வந்திருக்கேன் அண்ணாச்சி. இங்கிலீஷ் ஸ்கூல் வேன் வர்றதுக்கு முந்தி அனுப்பி வையுங்க" என்பாள். அண்ணாச்சி உடனே தராசுப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவள் வேலை பார்த்தது கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழி ஆரம்பப் பள்ளியில். வீட்டில் தமிழ் பேசுகிறவர்களே பிள்ளைகளை மலையாளத்துக்கும் இங்கிலீஷுக்கும் அனுப்பிவிடுகிற மலையாளச் சீமையில் அப்படியொரு பள்ளியை நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு பிள்ளை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால், மூன்றாம் நாள் வேறு பள்ளி யூனிஃபார்மில் நிற்கும். அதனால் உலகம்மை தினமும் வாசல் வாசலாகப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளைகளைத் தன்னோடு நடத்திக் கூட்டிப்போவாள். அவளுடைய நாலாம் வகுப்பு மொத்தமே ஒன்பது பேர். "நம்ம பையன் தனியாத்தான் ஸ்கூலுக்கு நடந்தான். ஊரார் பிள்ளைக்குத்தான் நீ துணை" என்று அவள் கணவர் திரவியம் முனகுவார். அதிலும் நியாயம் உண்டு.

ஐந்தாவது, கடைசி வாசல் சுப்புலக்ஷ்மியுடையது. மார்க்கெட்டில் வாழைக்குலை இறக்குகிற இசக்கிப்பாண்டியின் மகள். சுப்புவுக்கு எல்லாம் தெரியும், ஆனால் எதையும் மெதுவாகத்தான் செய்வாள். அவள் ஒரு இட்லி தின்று முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் கை கழுவி விளையாடப் போயிருப்பார்கள்.

அந்த வருஷமும் நாலாம் வகுப்புக்கு மாநிலம் முழுக்க ஒரே தேர்வு வைத்தார்கள். நாற்பது கேள்வி, ஒரு மணி நேரம். சரியான விடைக்கு நேரே உள்ள வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும், மெஷின் திருத்தும். வெள்ளோட்டம் பார்த்தபோது உலகம்மை, "வட்டத்துக்கு வெளிய ஒரு பொட்டு மை போனாலும் மெஷின் மார்க் போடாது, பாத்துக்கோங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள். சுப்பு அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். கோலத்துக்குள் பொடி தூவுகிற மாதிரி ஒவ்வொரு வட்டமாக நிரப்பினாள். மணியடித்தபோது பதினோரு கேள்வி முடிந்திருந்தது. பதினொன்றும் சரி.

மலையாளியான தலைமையாசிரியை பத்மஜா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தாள். நாற்பது பேர் படிக்கிற வகுப்பில் ஒரு பிள்ளையின் மார்க் தெரியாமல் போகும், ஒன்பது பேரில் எங்கே போய் ஒளியும்?

"டீச்சரே, போன வருஷம் லிஸ்ட்ல நம்ம ஸ்கூல் கடைசி. இந்த வருஷமும் கடைசியானா, தமிழ் ஸ்கூல் எதுக்குன்னு கேப்பாங்க. அந்தக் குட்டி ஒரு நாள் வரல்லேன்னா என்ன? ஜலதோஷம்னு எழுதலாம்."

பத்மஜா கெட்டவள் இல்லை. பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற பயம் அவளை அப்படிப் பேச வைத்தது. உலகம்மைக்கும் அதே பயம்தான்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் இசக்கிப்பாண்டியின் வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்குச் சுப்பு வீட்டுலயே இருக்கட்டும். பரீட்சை அது இதுன்னு ஒரே பகளமும் சத்தமுமா இருக்கும்."

"அவ ஏதும் தப்புப் பண்ணிட்டாளா டீச்சர்?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல."

"நீங்க சொன்னாச் சரிதான். எங்களுக்கு என்ன தெரியும்" என்றான் அவன்.

அந்தக் கடைசி வார்த்தை உலகம்மைக்குச் சுருக்கென்று தைத்தது. சுப்பு கதவோரம் உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் காலையில் எட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட டீச்சர், சுப்புவின் வீடு இருக்கிற முன்தெருவுக்குப் போகாமல் அரிசி மண்டிகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் திரும்பினாள். அந்த வாசலைத் தாண்டிப் போகிற தைரியம் அவளுக்கு இல்லை.

"டீச்சர், சுப்புவ விட்டுட்டோமே" என்றாள் மாளவிகா.

"அவளுக்கு மேலுக்குச் சொகமில்ல" என்று உலகம்மை வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

சந்தின் பாதியில், துவைத்த யூனிஃபார்மும் முதுகில் பையுமாக ஒரு பிள்ளை தனியாகப் போய்க்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றது. சுப்புதான்.

"நீ எங்க மக்களே இந்த வழியில?"

"முன்தெரு வழியா வந்தா நீங்க பாத்துருவீங்கன்னு..." சுப்பு செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் பரீட்சை எழுத மாட்டேன் டீச்சர். மூணாங் கிளாஸ்ல போயி இருந்துக்கிடுதேன். பரீட்சைக்கு வர்ற ஆபீசர் கேட்டா மூணாங் கிளாஸ்னே சொல்லுதேன்."

ஒன்பது வயசுப் பிள்ளை தன்னை எங்கே ஒளித்துவைப்பது என்று யோசித்துவைத்திருக்கிறது! வெட்கத்தில் உலகம்மையின் உடம்பு குறுகியது. நடுச்சந்தில் நின்று அழுதாள். வெங்காய வண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, "எந்து பற்றி டீச்சரே?" என்று மலையாளத்தில் என்ன ஆச்சென்று விசாரித்தான். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சுப்புவின் முன்னால் குனிந்தாள்.

"நீ நாலாங் கிளாஸ்தான். உன்ன வர வேண்டாம்னு சொன்னது நான் செஞ்ச தப்பு. என்கூட வா, வந்து பரீட்சை எழுது. மை வெளிய கொஞ்சம் போனாலும் ஒண்ணும் ஆகாது, என்னா?"

பள்ளி கேட்டில் நின்ற பத்மஜா பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாள்.

"ஒம்பது பேரும் வந்தாச்சு டீச்சர். மார்க் குறைஞ்சா என் பேரை எழுதிக் குடுங்க" என்றாள் உலகம்மை.

பத்மஜா சுப்புவின் பைக்குள் எட்டிப் பார்த்து, "நல்ல பேனா உண்டோ மோளே?" என்று கேட்டுவிட்டுத் தன் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

சுப்பு பதினாறு கேள்வி முடித்தாள். இரண்டு மாதம் கழித்து வந்த பட்டியலில் பள்ளி கடைசியிலிருந்து இரண்டாவதாக இருந்தது. விளக்கம் கேட்டு ஆபீசிலிருந்து வந்த கடிதத்துக்கு உலகம்மையும் பத்மஜாவும் சேர்ந்து உட்கார்ந்து பதில் எழுதினார்கள்.

ஆனால் உலகம்மைக்கு உண்மையில் பயமாக இருந்தது தேர்வுக்கு மறுநாள் காலையில்தான். வழக்கம்போல நாலு வாசல் முடிந்து ஐந்தாவதில் நின்று, "சுப்பு" என்று கூப்பிட்டாள். சத்தம் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

கதவு மெதுவாகத் திறந்தது. சுப்பு பையை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்து, டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், இன்னைக்கு எந்த வழியாப் போணும்?"

உலகம்மை கையை நீட்டினாள். சுப்பு டீச்சரின் விரலைப் பிடித்து முன்தெருப் பக்கம் இழுத்தாள்.