சாகிராவின் சிவப்புக் கோடு

தங்கை சாகிரா ஜெயித்ததை அன்வர் பாஷா விரல் மடக்கிச் சொல்வார். அம்மை போட்டு இருபது நாள் படுத்தும், எட்டாம் வகுப்புக் கணக்கில் பள்ளிக்கே முதல். பெண்கள் கால் வைக்காத செஞ்சி விற்பனைக்கூடத்தில், வேர்க்கடலை ஏலத்தின்போது நின்று விலை குறிக்கும் துணிச்சல். ‘பொம்பளைக்கு இன்னாத்துக்குய்யா விலை?’ என்று சிரித்தவர்களே, ‘பாய், தங்கச்சி கோடு இன்னா சொல்லுது?’ என்று குடும்பத்தின் கடலைக் கடைக்கு வந்து நின்றது.

முதலில் இருந்தது நீலக் கோடு. பத்து ஏல நாள் விலையைக் கூட்டிப் பத்தால் வகுத்து, கட்டம் போட்ட தாளில் தினமும் ஒரு புள்ளி வைப்பாள். அது விலைக்கு ஐந்து நாள் பின்னால் நடந்தது. எண்பத்து நான்காம் வருடம் விலை நாற்பது ரூபாய் சரிந்த பிறகே தலை கவிழ்ந்தது. பிறகு இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டாள். சராசரிகளுக்கே மறுபடி சராசரி எடுத்து, அது பின்தங்கும் அளவை முதல் சராசரியோடு கூட்டினாள். அதைச் சிவப்பு மையில் இழுத்தாள். சிவப்பு விலையை ஒட்டியே ஓடியது.

நைனா இறந்தபின் கடையில் பாதி சித்தப்பா ஜான் பாஷாவுடையது. அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்: “தை முடியிறதுக்குள்ள என் பாதிக்குப் பணத்தை வையி. இல்லன்னா மொத்தமா வித்துடலாம்.” இருந்தது நூற்றிருபது மூட்டை வேர்க்கடலை. மூட்டைக்கு அறுநூறு கிடைத்தால் கடை தங்கும்.

பொங்கலுக்கு முன் விலை ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. பொங்கலுக்கு நாலு நாள் ஏலம் கிடையாது. திறந்த அன்று ஐந்நூற்று அறுபத்தொன்று. நீலம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. சிவப்பு கீழே திரும்பியது.

“திரும்பிடுச்சிண்ணே. இன்னிக்கே தள்ளிடலாம். நாளைக்கு இதுவும் கிடைக்காது” என்றாள்.

தரகர் தாண்டவராயன் தலையில் அடித்துக்கொண்டார். “நாலு நாள் வண்டி ஒரே நாள்ல வந்து குவிஞ்சிருக்குது பாய்! இது எறக்கமா? அவலூர்பேட்டைச் சந்தையில போயி எருமையைக் கேட்டாக்கூடச் சொல்லும்.”

“எருமை எண்பத்து நாலுல எங்க போச்சு?” என்றார் அன்வர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நூற்றிருபது மூட்டையையும் அன்றே விற்றுத் தள்ளினார்கள்.

ஒன்பதாம் நாள் விலை அறுநூற்று நாற்பது.

சாகிரா தாளை விரித்துப் பார்த்தாள். கோடு பொய் சொல்லவில்லை. விலை அசைந்த அன்றே அசைய வேண்டும் என்றுதான் அவள் அதைப் பழக்கியிருந்தாள். ஒரு நாள் நெரிசலுக்கும் அசைந்துவிட்டது. மூட்டைக்கு முப்பத்தொன்பது ரூபாய் குறைந்ததில் சித்தப்பாவின் பாதி கைக்கு எட்டவில்லை.

“தாண்டவராயன் சொன்னாரே, நீயாவது என்னைத் தடுத்திருக்கலாம்ண்ணே” என்றாள் ஒருமுறை. அதற்குப்பின் அவள் ஏலத்துக்குப் போகவில்லை. மைப்புட்டிகள் காய்ந்து போயின.

கடையின் கிரயப் பத்திரத்தில் நைனாவின் இரண்டு பிள்ளைகளும் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. பள்ளியில் எல்லாத் தாளிலும் நைனாவும், பிறகு அன்வரும் வைத்துவிட்டதால், அவள் கையெழுத்துக்கு அதுவரை எங்கும் வேலை வந்ததில்லை. எழுத்தர் காட்டிய இடத்தில் மெதுவாக எழுதினாள். பக்கத்தில் அன்வர்தான் தேதி போட்டார்: 23-2-1987.