ஒரு தொன்னைப் பொங்கலும் மயக்க மருந்தும்

பிள்ளைகளா, அக்காவுக்குப் பல் எடுத்த கதையை உங்கள் அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். டாக்டர் விரலை அக்கா கடித்ததையும், அவர் கையை உதறிக்கொண்டு நின்றதையும் கேட்டு எல்லோரும் சிரிப்போம். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கதையில் பாதியை உங்கள் அம்மாவுக்கே நான் சொன்னதில்லை. இப்போது நீங்களும் பிள்ளை பெற்றுவிட்டீர்கள். இனியும் மறைப்பதில் அர்த்தமில்லை.

பெரியவளே, அப்போது உனக்கு நாலரை வயது. நமக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், எனக்கு வேலை ராஜபாளையம் மில்லில். கடைவாய்ப் பற்கள் நான்கும் சொத்தையாகி, கன்னம் வீங்கி, சோறு மெல்ல முடியாமல் கிடந்தாய். ராஜபாளையத்துப் பல் டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததும்தான் நீ கடித்தாய்.

“இவளை உக்கார வச்சு ஒண்ணும் செய்ய முடியாதுய்யா. ஆஸ்பத்திரியில வச்சு முழு மயக்கம் குடுத்து, நாலையும் ஒரே மூச்சா எடுத்துருவோம்” என்றார். மயக்கம் கொடுக்கிற டாக்டர் மதுரையிலிருந்து வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அந்த நாளைக் குறித்துக் கொடுத்து, “முந்தின ராத்திரி பத்து மணிக்குப் பொறவு பச்சத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது” என்று சொல்லி அனுப்பினார்.

நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். இரவு நீ எழுந்து தண்ணீர் கேட்டாய். தரவில்லை. அழுதாய். அப்போதும் தரவில்லை.

அது மார்கழி மாதம். தம்பி கைக்குழந்தை என்பதால் அம்மா வர முடியவில்லை. “ஏங்க, கோயில்ல தாயாரைக் கும்பிட்டுட்டு, புள்ளை வாயில தீர்த்தத்தை விட்டுப் பொறவு கூட்டிட்டுப் போங்க” என்றாள். விடிவதற்கு முன்பே உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தீர்த்தம் வாங்கினோம். வெளியே வரும்போது ஒருவர் தொன்னையில் சூடாகச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். பசியில் நீ விரலால் வழித்து வழித்துத் தின்றாய், தொன்னையையும் நக்கினாய். பட்டினி கிடக்கிற பிள்ளைக்குத் தாயார் பார்த்துக் கொடுத்தாள் என்று எனக்கு மனம் நிறைந்துபோனது. டாக்டர் சொன்ன சொல்லை மீறுகிறேன் என்று துளிகூடத் தோன்றவில்லை. பிரசாதத்தை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா?

அங்கிருந்து ராஜபாளையம் போனோம். ஆஸ்பத்திரியில் நர்சம்மா கேட்டார்: “புள்ளை ஏதும் சாப்பிட்டுச்சா?”

“ராத்திரியிலருந்து பச்சத் தண்ணி குடுக்கலம்மா” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உன்னை வாங்கிக்கொண்டு போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர் ஒரு பாய். பழைய பேருந்து நிலையம் பக்கம் துணிக்கடை வைத்திருக்கிறாராம். அவர் சம்சாரத்துக்கு அன்று ஆபரேஷன்.

“அண்ணாச்சி, பட்டினியாத்தானே கொண்டு வந்திய?”

“ஆமா பாய்.”

“அதுல மட்டும் சூதானமா இருக்கணும். மயக்கத்துல வயித்துல கெடக்கது மேல ஏறி மூச்சுக் குழாய்க்குள்ள போயிருமாம். என் மச்சினன் ரெண்டு இட்லியத் தின்னுட்டு வந்து படுத்தான். டாக்டரு ஏசி வெரட்டி விட்டுட்டாரு.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எனக்கு அந்தத் தொன்னை கண்முன் வந்து நின்றது. இரண்டு இட்லி அளவுக்குப் பொங்கல் இருந்திருக்கும். நெய் வேறு.

நான் எழுந்திருக்கவில்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். எழுந்து கதவைத் தட்டியிருக்க வேண்டும், உட்கார்ந்தே இருந்தேன். சொன்னால் நர்சம்மாவிடம் பொய் சொன்னவன் ஆவேன். ஆபரேஷன் தள்ளிப்போகும், இன்னும் ஒரு வாரம் நீ வலியில் துடிப்பாய். அதைவிட, தாயார் கொடுத்தது பிள்ளைக்குக் கெடுதல் செய்யும் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? சொல்லாவிட்டாலோ, உள்ளே நீ படுத்திருக்கிறாய். ‘பிரசாதம் ஒன்றும் செய்யாது, ஒன்றும் செய்யாது’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“என்ன அண்ணாச்சி, இம்புட்டு வேர்க்குது?” என்றார் பாய்.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. எழுந்து ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

நர்சம்மா பாதி திறந்தார். “பொங்கல் சாப்பிட்டிருக்காம்மா” என்றேன்.

“காலையில கேட்டப்ப இல்லைன்னியளே?”

“கோயில் பிரசாதம்மா அது.”

அவர் முகம் மாறியது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓடினார். மருந்து கொடுத்துவிட்டார்களா, இல்லையா? கதவில் காதை வைத்தேன். உன் அழுகைச் சத்தம் கேட்க வேண்டுமே என்று வேண்டினேன். கேட்கவில்லை.

மயக்க டாக்டர் வெளியே வந்தார். “எம்புட்டு சாப்பிட்டா? எத்தனை மணிக்கு?”

“ஒரு தொன்னை. அஞ்சரை இருக்கும் சார்.”

“மாஸ்க்கைக் கையில எடுத்துட்டேன்ய்யா. இன்னும் செத்த நேரம் போயிருந்தா வச்சிருப்பேன்.” அவர் சத்தம் போடவில்லை. “சாமி குடுத்தாலும் வயித்துக்கு அது சோறுதான். இனி மத்தியானத்துக்கு மேல பார்ப்போம். அதுவரைக்கும் ஒண்ணும் குடுத்துராதிய.”

உன்னை என் மடியில் கொண்டுவந்து போட்டார்கள். அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம். பசிக்குதுப்பா என்று நீ என் நெஞ்சில் குத்தினாய். உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் டீக்கடை, வடைக்கடை. அதனால் அந்தப் பெஞ்சைவிட்டு நகரவே இல்லை. பாயின் சம்சாரம் நல்லபடியாக வெளியே வந்தார். போகும்போது பாய் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டரை மணிக்கு மறுபடி கூப்பிட்டார்கள். நீ யாரிடமும் போகவில்லை. “சரி, அப்பாவே தூக்கிட்டு வரட்டும்” என்றார் டாக்டர். நானே உன்னை ஆபரேஷன் மேசையில் கிடத்தினேன். மாஸ்க்கை வைத்ததும் என் கையைக் கீறினாய், கத்தினாய். பிறகு உன் பிடி தளர்ந்தது. தூங்குகிற பிள்ளையின் கை அப்படித் தளராது. என்னை வெளியே அனுப்பினார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து, உதட்டில் ரத்தம் காய்ந்துபோய், குறட்டைவிட்டபடி வந்தாய். அந்தக் குறட்டையை எண்ணிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கண்ணைத் திறந்து, பல்லு எங்கப்பா என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினாய்.

“இனிப் பயமில்லை, போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. நான் பார்த்துக்கிடுதேன்” என்றார் நர்சம்மா.

டீக்கடைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வராந்தாவில் ஆள் இல்லை. பலகையின் சட்டத்தில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்தேன். என் எழுத்து உங்களுக்குத் தெரியும், கோணல். அந்த வரிக்குக் கீழே, ‘கோயில் பிரசாதமும் கூடாது’ என்று எழுதினேன்.